விகடகவியும் ஜாவாஸ்கிரிப்டும்

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கூடினால் வேலையைப் பற்றி மட்டும் கதைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பார்த்தால் பாதி நேரம் விளையாட்டு. 2010இல் தொடங்கி 2019 வரை நடந்த ஜேஎஸ்1கே போட்டியில் 1024 பைட்டுக்குள் ஒரு முழு நிரலையே அடக்கவேண்டியிருந்தது. 2012இல் தொடங்கிய ஜேஎஸ்13கே போட்டியில் 13 கிலோபைட்டுக்குள் ஒரு கேம் செய்யவேண்டும். நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு போட்டோவே அதைவிடப் பெரிசு.

லாரன் மெக்கார்த்தி என்ற கலைஞர் 2013இல் பி5.ஜேஎஸ்ஸைத் தொடங்கினார். ஓவியர்களும் மாணவர்களும் நிரல் எழுதிப் படம் கீறவென்றே வந்தது அது. ஒரே வரியில் ஒரு வட்டம் கீறலாம். கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிற எனக்கு உள்ளே போகத் துணிவு வந்தது அந்த வட்டத்தால்தான்.

நான் போன கூட்டம் ஒன்றும் பெரிய மாநாடு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர், நாலைந்து லப்டொப், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. அண்டைக்கு வைத்த விளையாட்டு, ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகுதா என்று பார்க்கிற நிரல். எல்லாரும் இங்கிலிஷ் சொல்லாகக் குடுத்தார்கள். "அண்ணா, விகடகவி எண்டு போட்டுப் பாருங்கோ" என்றேன். சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடிய மொழிக்கு இது பெரிய காரியமா என்ன? ஆனால் திரையில் வந்த பதில்: இல்லை.

ஏன்? விகடகவியில் எங்களுக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் 7 என்கிறது. 'வி' அதற்கு ஒரு எழுத்தில்லை. 'வ' வேறு, இகரக் குறி வேறு. திருப்பும்போது குறி தன் எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு பகிடி. எங்கட இலக்கணத்தில் மெய்தான் அடி: ம் + அ = ம. கணினியில் தலைகீழ்: ம + புள்ளி = ம். இதை நான் சொன்னதும் அங்கிருந்தவர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். அந்த அண்ணாதான் இன்டல்.செக்மென்டரைத் தேடி எடுத்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு எது ஒரு எழுத்தோ, அதை அப்படியே பிரித்துத் தருகிற வசதி அது, ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டுத் திருப்பியதும் விகடகவி விகடகவியாகவே வந்தது.

சும்மா விளையாட்டுத்தானே என்று விடலாம். ஆனால் 'தமிழ்ச்செல்வி' என்ற பெயரை எடுங்கள். எங்களுக்கு 7 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 13. பெயருக்குப் பத்து எழுத்துப் போதும் என்று யாரோ எழுதிவைத்த படிவத்தில் அவள் 'தமிழ்ச்செல' என்றுதான் நிற்பாள். படிவத்தை எழுதியவருக்கு அது தெரியவே வராது. அவர் தமிழில் சோதித்துப் பார்த்திருக்கமாட்டார்.

அதனால்தான் இந்தக் கூட்டங்களுக்கு எங்களைப் போன்றவர்களும் போகவேண்டும் என்கிறேன். அவர்களுக்கு நிரல் தெரியும், எங்களுக்கு எழுத்துத் தெரியும். வேலை அவசரத்தில் இந்த இரண்டும் சந்திக்காது. விளையாட்டில் சந்திக்கும்.

கணினியில் குரோமைத் திறந்து எஃப்12ஐ அழுத்துங்கோ. கொன்சோலுக்குள் உங்கட பெயரைத் தமிழில் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஒரு புள்ளி வைத்து, லெங்த் என்று இங்கிலிஷில் அடியுங்கோ. வருகிற எண்ணையும் உங்கட பெயரின் எழுத்துகளையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.