டொல்பின் வானும் நாலு நீலச் செல்லும்

"என்ன பற்றரி போடலாம்?" என்று கேட்டு வருகிறவருக்கு இந்தக் கடையில் உடனே பதில் கிடைக்காது. பிளாஸ்டிக் கதிரை ஒன்று இழுத்துப் போடப்படும். பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழிபடும். "இரவைக்கு என்னென்ன போடுவீங்க? ஒவ்வொண்டும் எவ்வளவு நேரம் ஓடும்? அதைச் சொல்லுங்க. பற்றரியைப் பிறகு பாப்பம்."

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் போகும் வீதியில், பேசாலைக்கு இப்பால், தகரக் கூரை போட்ட பட்டறை அது. அசிட் பட்டுப் பட்டு அரித்துப்போன சீமெந்துத் தரை. ஒரு மூலையில் லொறிகளிலிருந்து கழற்றிய பழைய பற்றரிகள் வெள்ளை உப்புப் பூத்துக் கிடக்கின்றன. எதிர் மூலையில், மரப்பலகை அடித்த மேசையில், நீல உறை போட்ட லித்தியம் செல்கள். முதல் மூலை கடைக்காரருடையது, இரண்டாவது மூலை அவருடைய மகளைக் கட்டிய மருமகனுடையது. ஒரே கூரைக்குள் இரண்டு தலைமுறைத் தொழில்.

நான் போனது என் மச்சானுக்குத் துணையாக. கனடாவிலிருந்து வந்தவர் பழைய டொயோட்டா டொல்பின் வான் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டிருந்தார். மாரியில் வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றில் பட்டச் சறுக்கு விளையாடத் தலைமன்னாருக்கு வருகிறவர்களுக்கும் வாடகைக்கு விடுவது திட்டம். மின்கம்பம் இல்லாத கரையில் நாள்கணக்கில் நிற்க வேண்டிய வான். அதனால் முழுக் கேள்வியும் பற்றரியில் வந்து நின்றது.

"வானுக்குள்ள ஏசி ஒண்டு போடலாமா அண்ணன்?" என்று மச்சான் தொடங்கினார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. கொப்பியில் எழுதினார். ஒரு குதிரைவலு ஏசி, ஓடும்போது 700, 800 வாட். எட்டு மணித்தியால நித்திரைக்கு ஐந்து யூனிட்டாவது போகும். டொல்பினின் கூரையில் 200 வாட் சோலார்த் தகடு இரண்டுதான் அடங்கும். மன்னார் வெயிலில் அவை நாளுக்குத் தருவது ஒன்றரை யூனிட். "ஏசி வேணும் எண்டா தம்பி, பின்னால இன்னொரு வானில தகடும் பற்றரியும் ஏத்திக்கொண்டு வரோணும்."

ஏசியை வெட்டிய பிறகு கணக்கு மனிதக் கணக்காக வந்தது. 12 வோல்டில் ஓடும் சின்னக் குளிர்ப்பெட்டி 45 வாட்; பாதி நேரத்துக்கு மேல் ஓடும் என்று வைத்து நாளுக்கு 600 வாட் மணி. இரண்டு விசிறி இரவு முழுக்க: 300. வெளிச்சம் 50. கமரா, மடிக்கணினி, போன்கள்: 200. மொத்தம் 1150, மின்சார சபைக் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். கார்த்திகை மழையில் இரண்டு நாள் வெயிலே தெரியாமல் போனாலும் சமாளிக்க 2300. பற்றரியை அடிவரை வற்ற விடாமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க 2900. இந்த எண் வந்த பிறகுதான் மருமகன் தன் மேசைப் பக்கம் திரும்பினார். 280 அம்பியர் மணி, 3.2 வோல்ட் செல் நாலு. சீரிஸில் போட்டால் 12.8 வோல்ட், 3584 வாட் மணி. சோறு ஆக்கும் 700 வாட் குக்கரும் தாங்கும். 1500 வாட் கேத்தலைப் போட்டால் 130 அம்பியர் இழுக்கும். செல்களைக் காவல் காக்கும் 100 அம்பியர் பி.எம்.எஸ் மின்னை வெட்டிவிடும், தேத்தண்ணிக்கு காஸ் அடுப்பே போதும்.

இதே அளவை அசிட் பற்றரியில் எடுத்தால் என்ன என்று கேட்டேன். மாமனார்தான் பதில் சொன்னார். அசிட் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆகவே இரண்டு மடங்கு வாங்க வேண்டும். 100 அம்பியர் மணி அசிட் பற்றரி ஒன்று இருபத்தைந்து முப்பது கிலோ. அதே அளவு லித்தியம் பன்னிரண்டு கிலோ. வானுக்கு எடை ஒரு தொல்லை என்றால், வாடிக்காரர்களுக்கு அது தோள்வலி. நீர்கொழும்பு, சிலாபப் பக்கமிருந்து பருவத்துக்கு மீன்பிடிக்க வந்து இந்தக் கரையில் வாடி போடுகிறவர்கள்தான் இவருடைய நெடுநாள் வாடிக்கை. வெளிச்சத்துக்கும் போனுக்கும் ஒரு தகடு, ஒரு பற்றரி. மணலில் சுமந்துபோய், பருவம் முடிந்ததும் சுமந்து வருவார்கள். பாதிச் சார்ஜில் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் அசிட் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும். அடுத்த பருவத்துக்கு அது வெறும் ஈயம். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுச் செல்லுக்கோ பாதிச் சார்ஜில் கிடப்பதுதான் சுகம். ஆண்டில் சில மாதம் மட்டும் பாவிக்கிறவனுக்கு மலிவான பற்றரி போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இந்தக் கடையில் விளங்கியது, விட்டு விட்டுப் பாவிக்கிறவனுக்கே லித்தியம் கூடுதலாகக் கட்டும் என்பது.

அந்த வாடிகளுக்குப் பின்னால் மன்னார்த் தீவின் தென்கரை நெடுக முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. 2020 டிசம்பரில் திறந்த 'தம்பபவனி', 103.5 மெகாவாட். அதன் மின்சாரம் பெருங்கம்பி ஏறிப் பெருநிலத்துக்குப் போகிறது. அதன் காலடியில் வாடிக்காரன் பற்றரி விளக்கில் வலை பார்க்கிறான். இன்னும் காற்றாலை வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கியது தனியே எழுத வேண்டிய கதை.

கடைக்காரர் தொழில் பழகியது யுத்த காலத்தில். வன்னிக்குள்ளும் யாழ்ப்பாணத்துக்குள்ளும் டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்த பொருளாக இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தோம். செத்த பற்றரியை உயிர்ப்பிக்கத் தெரிந்தவனுக்கு அன்று ஊரில் வைத்தியனின் மரியாதை. 2022இல் நாடே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் கிடந்தபோது கொழும்பு பதறியது. "எங்களுக்கு அது பழைய பாடம்" என்றார் இவர்.

மேசையில் இருந்த செல்லுக்கும் நம்முடைய ஆட்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லித்தியம் இரும்பு பொஸ்பேற்றைப் பற்றரிக்கு உகந்ததாக 1997இல் அறிவித்த டெக்சாஸ் பல்கலைக்கழகக் கட்டுரையில், ஜோன் குட்இனஃபின் பெயருக்கு முன்னால் பாதி, நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. அதற்கு வழி திறந்தது, 1980களின் பின்பகுதியில் சல்பேற்று போன்ற கூட்டயனிகளை வைத்து குட்இனஃபுடன் ஆறுமுகம் மந்திரம் செய்த வேலை. தமிழ்நாட்டின் தெற்கே அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மதுரையில் படித்தவர் அவர். 2019இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்ரொக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே. மருமகனுக்கு இந்தப் பெயர் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அதன் பலன்: பொஸ்பேற்று ஒட்சிசனை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் இந்தச் செல் மற்ற லித்தியம் வகைகளைப் போல இலேசில் தீப்பிடிக்காது.

அந்த மற்ற வகையும் அவர் கைக்கு வருவதுண்டு. பத்தாண்டுக்கு முன் ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கிய பாவித்த நிசான் லீஃப் கார்களின் பற்றரிகள் இப்போது உடைத்து விலைக்கு வருகின்றன. ஒரு பெட்டியில் 48 மொடியூல், ஒவ்வொன்றும் புதிதில் அரை யூனிட். மலிவு. ஆனால் அதன் செல் 4.2 வோல்ட் வரை ஏறும். மூன்றைச் சேர்த்தால் 12 வோல்ட் சாமானுக்குக் குறைச்சல், நாலைச் சேர்த்தால் கூட. வீட்டில் 24 அல்லது 48 வோல்டில் வைக்கலாம், வானுக்குச் சரிவராது. படுக்கைக்குக் கீழே வைத்துத் தூங்கப்போகும் பொருள் என்பதால் எனக்கும் அது பிடிக்கவில்லை.

புதுச் செல்லிலும் ஏமாற்று உண்டு. தொழிற்சாலையில் இரண்டாம் தரமென ஒதுக்கியதை முதல் தரமென்று விற்பார்கள். மருமகன் முதலில் தலையில் பொறித்திருக்கும் கியூஆர் கட்டத்தைப் பார்க்கிறார். சுரண்டியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு செல்லின் வயிற்றில் எஃகு அடிமட்டத்தைச் சாய்த்து வைத்து, ஊதியிருக்கிறதா என்று அடியில் வெளிச்சம் பார்க்கிறார். உள்தடையை மில்லிஓமில் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுகிறார். நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

வேலை தொடங்குமுன் அவர் கழுத்துச் சிலுவைச் சங்கிலியைக் கழற்றிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டினார். மோதிரமும் போனது. உதவிக்கு நிற்கும் பொடியனின் கையில் இருந்த செம்புக் காப்பையும் கழற்றச் சொன்னார். சாவிகளுக்கு வாய் மட்டும் தெரிய இன்சுலேசன் டேப் சுற்றியிருக்கிறது. இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சாவி விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும், இரும்பே உருகும். முனைகளின் அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் இருக்கும். அதை மெல்லிய உரோஞ்சுத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, உடனேயே செம்புப் பட்டையை வைத்து முடுக்கினார். அளவுமானி வைத்த சாவி 'டக்' என்றதும் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே என்றேன். "மெல்லிய அலுமினியம் அண்ணன். மரை கழண்டா செல் முழுக்கப் போச்சு."

முதலில் நாலையும் பரலலில் கட்டி 3.65 வோல்ட் வரை மெதுவாக ஏற்றிச் சமன் பண்ணுவார். இதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். சமன் பண்ணாத செல்லில் ஒன்று முந்தி நிரம்பிவிடும், பி.எம்.எஸ் அதைப் பார்த்து முழுப் பற்றரியையும் வெட்டும், வாங்கியவர் பற்றரி பழுது என்று சண்டைக்கு வருவார். சமன் முடிந்து சீரிஸில் மாற்றிய பின் 40 அம்பியர் சுமை போட்டு வற்ற விட்டு, உள்ளே எவ்வளவு இருந்தது என்று எண்ணுவார். ஏழு மணித்தியால வேலை. அந்த எண்ணைத்தான் அவர் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்.

மன்னாருக்கென்று சில கண்டிப்புகள் உண்டு. வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்குள் சூடு 50 பாகை தாண்டும். இந்தச் செல்களைச் சார்ஜ் பண்ண 45 பாகைக்குள் நிற்பது நல்லது. ஆகவே இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், யன்னல் ஓரமும் வேண்டாம். பின்பக்கப் படுக்கைக்குக் கீழே, காற்றோட்டத் துளையோடு. உப்புக்காற்றுக்கு, வயர் நுனியில் பூட்டும் லக் வெறும் செம்பாக இருக்கக் கூடாது, வெள்ளீயம் பூசியது வேண்டும். மேலே சூட்டில் சுருங்கும் சிலீவ், முனையில் கிறீஸ். வானின் பழைய ஒல்டர்னேற்றரிலிருந்து நேரே வயர் இழுப்பது கூடவே கூடாது. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும். ஒல்டர்னேற்றர் ஓய்வின்றி ஓடிக் கருகும். நடுவில் 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அசிட் பற்றரிக்கு வாங்கிய பழைய சார்ஜரைக் கொண்டுவந்தால், அது 15 வோல்டுக்கு மேல் அடிக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

வோல்ட்மீற்றரை நம்பும் பழக்கத்தையும் விட வேண்டும். அசிட் பற்றரி 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி என்று கடலுக்குப் போகிற எவருக்கும் மனப்பாடம். இது அப்படிக் காட்டிக்கொடுக்காது. முக்கால் இருந்தாலும் பாதி இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே 13.2தான், கடைசியில் சடாரென்று விழும். போனதையும் வந்ததையும் எண்ணும் ஷன்ட் மீற்றர் ஒன்று மாட்டினால்தான் இருப்புத் தெரியும்.

மச்சான் விலைப்பட்டியலைப் பார்த்தார். செல்லுக்கு வாய் திறக்கவில்லை. வயர் பூட்டும் கூலியில் மட்டும் பாதியாகக் குறைக்கச் சொன்னார். 35 சதுர மில்லிமீற்றர் வயர் எதற்கு, பழைய வயர் கிடக்கிறதே என்றார். மருமகன் ஒரு கருகிய லக்கை எடுத்து மேசையில் வைத்தார். வேறெங்கோ கட்டிய ஒரு வானிலிருந்து கழற்றியது. குறட்டால் நசுக்கிய இணைப்பு. அழுத்துக் கருவி படவே இல்லை. அந்த இடத்தில் ஐந்து மில்லிஓம் தடை இருந்து 100 அம்பியர் ஓடினால் 50 வாட் சூடு, சோல்டரிங் அயன் ஒன்றைப் பலகைக்குள் சொருகிவிட்டு மறந்ததுபோல. செல் தீப்பிடிக்காத வகையாக இருந்தென்ன, பலகை பிடிக்கும். அந்த லக்கைக் கையில் உருட்டிப் பார்த்த பிறகு மச்சான் பேரத்தை விட்டார்.

இந்த வேலைக்கு மருமகனுக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லை. காணொளி பார்த்தும் கொழும்பில் ஒரு கடையில் நின்றும் பழகியிருக்கிறார். கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் சொந்தக் காசில் வாங்கியவை. மாமனார் அந்தக் காலத்தில் வெறுங்கையால் அசிட் ஊற்றியவர். விரல் நுனிகள் இன்றும் வெடித்திருக்கின்றன.

மன்னார்ப் பக்கம் வானோ வாடியோ கட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமிக்க வேண்டுமானால் ஏசியை விடுங்கள், கேத்தலை விடுங்கள், செல்லின் அளவைக் கணக்குப் பார்த்துக் குறையுங்கள். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் கனமான பியூஸ் ஒன்று இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வற்ற விட்டுப் பார்த்த கணக்கை எழுத்தில் கேளுங்கள். பூட்டுகிறவரின் கூலியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.