தரையிறங்கிய வேகம்

மனிதன் படைத்த பொருள்களுட் சில, பயன் ஒழிந்த பின்னரே எல்லார்க்கும் உரியனவாகின்றன. இங்கிலாந்தில், பிரிஸ்ரல் நகரை அடுத்த பில்ற்றனிலே கூடமொன்றினுள் நிற்கும் கொன்கோட் விமானம் அத்தகையது.

1962ஆம் ஆண்டு பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவே கொன்கோட். ஒலியினும் இருமடங்கு வேகத்தில், ஏறத்தாழ 18 கிலோமீற்றர் உயரத்திற் பறந்து, இலண்டனிலிருந்து நியூயோர்க்கை மூன்றரை மணி நேரத்தில் அடைந்தது. அவ்வேகத்தில் எழுந்த வெப்பத்தால் அதன் உடல் ஏறத்தாழ ஒரு சாண் நீளும். அப்போது விமானப் பொறியியலாளரின் கருவிப்பலகையருகே ஓர் இடைவெளி தோன்றும், குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும்.

அறிவியல் வென்றது, ஆயினும் அவ்வெற்றி யாருக்குரியதாயிற்று? மக்களின் வரிப்பணத்தில் உருவான விமானத்திற் செல்வரே பெரும்பாலும் பயணஞ் செய்தனர். அதன் அதிரொலிக்கு அஞ்சிய நாடுகள் தம் நிலத்தின்மேல் அது ஒலியை விஞ்சிப் பறப்பதைத் தடுத்தன. எரிபொருளை அது மிகுதியாக உண்டது. எண்ணெய் விலையோ 1973இன் பின் உயர்ந்தது. முன்பதிவு செய்திருந்த நிறுவனங்கள் பின்வாங்கின. ஆக்கப்பட்டவை 20, பயணிகள் சேவைக்கு வந்தவை 14. 2000 யூலை 25இல் பாரிசுக்கு அருகே நிகழ்ந்த விபத்தில் 113 பேர் மாண்டனர். 2003இல் சேவை முடிவுற்றது.

பில்ற்றனில் நிற்பது, கொன்கோட் வரிசையில் இறுதியாக ஆக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 20இல் அவ்வூரின் ஓடுபாதையிலிருந்தே முதன்முதல் எழுந்தது. 2003 நவம்பர் 26இல் அதே பாதையில் இறங்கியது. கொன்கோட் எதுவும் அதன் பின் பறந்ததில்லை. பிறந்தகம் மீண்ட மகள் போல வந்த அதனை ஊரார் திரண்டு வரவேற்றனர். ஆனால் 2012 இறுதியில் அவ்விமானத் தளமும் மூடப்பட்டது. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற விமானத்துக்கு 2017இலேதான் கூரை கிடைத்தது.

இன்று அதன் ஒடுங்கிய நடைவழியிற் பாடசாலைச் சிறுவர் செல்கின்றனர். ஒருகாலத்தில் அதற்கு ஆணி அறைந்த தொழிலாளியின் பேரனும் அவர்களுள் ஒருவனாயிருக்கலாம். பாட்டனின் கூலிக்கு எட்டாத இருக்கையை அவன் அருகில் நின்று காண்கிறான். பறத்தல் மட்டும் அவனுக்கில்லை.

இறுதிப் பயணங்களின்போது பொறியியலாளர் சிலர் தம் தொப்பியை அவ்விடைவெளியிற் செருகிவிட்டனர். விமானம் குளிர்ந்தது; இடைவெளி தொப்பியைக் கவ்விக்கொண்டது. மீண்டும் வானிற் பறந்தாலன்றி அவ்விடைவெளி திறவாது. வேகத்தை வென்ற மனிதன், அவ்வேகத்தை எல்லார்க்கும் பொதுவாக்கக் கல்லாதவரை, அவன் சாதனைகளும் காட்சிக்கூடத்திலேதான் மக்களைச் சந்திக்கும்.