நீர் தங்காத மரம்

தியானப் பகுதி: லூக்கா 5:1–11



சில வாரங்களாக நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள்: கயாக் என்னும் சிறு படகில் ஏறித் தூண்டில் போடுவதை நாங்களும் தொடங்கலாமா? அவர்களுடைய தாய்மார் சிலரோ என்னைத் தனியே சந்தித்து, "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா" என்று கேட்டுக்கொண்டார்கள். இரு சாராருக்கும் ஒரே பதிலை எழுதும் கடமை எனக்கு உண்டு. நான்கு ஆண்டுகளாக நானே அந்தப் படகில் ஏறி வருகிறேன். அதற்கு வெகு முன்பிருந்தே, ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளின் அடக்க ஆராதனைகளையும் நடத்தி வருகிறேன்.

அந்த அடக்கங்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவரும் படகிலிருந்து விழுந்தவர் அல்லர். விடுமுறை நாளில் நண்பர்களோடு குளிக்கப் போனவர்கள். முழங்கால் ஆழம் என்று நம்பி மணல் எடுத்த பள்ளத்தில் கால் வைத்தவர்கள். ஆற்றங்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்ந்துவிட்டது. ஆகவே பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதே பாதுகாப்பு என்று நான் எண்ணவில்லை. தண்ணீரை அறியவும் அதற்கு அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சவும் கற்பிப்பதே பாதுகாப்பு.

கயாக் என்ற பெயர் நமக்குப் புதிது. கிரீன்லாந்து முதலான பனி நாடுகளில் வாழும் இனூயிட் மக்கள், கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, ஒருவர் மட்டும் அமர்ந்து வேட்டையாடும்படி செய்துகொண்ட படகு அது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. ஆனால் மீன்பிடிப்பதற்கென்று பெரும்பாலும் விற்கப்படும் வகையை, அதாவது உள்ளே இறங்கி அமராமல் மேலேயே அமர்ந்து துடுப்பு வலிக்கும் வகையைப் பாருங்கள். அதை நம் கடற்கரை பல நூறு ஆண்டுகளாக அறியும். அதுதான் கட்டுமரம். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 'கட்டமரான்' என்று இன்று உலகம் வழங்கும் சொல் நம் தமிழ்ச் சொல்லே.

சபை வரலாற்றிலும் இவ்விரு படகுகளும் ஒரே அரசனின் ஆட்சியில் சந்திக்கின்றன. டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அதே மன்னரின் ஆதரவோடு 1721-இல் ஹான்ஸ் எகெடே என்ற ஊழியர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார். ஒருவர் கட்டுமரக்காரர் நடுவிலும் மற்றவர் கயாக்குக்காரர் நடுவிலும் சுவிசேஷத்தை எடுத்துச் சென்றார்கள். இருவருமே தாங்கள் கற்பிக்க வந்த மக்களிடம் முதலில் மொழி கற்கும் மாணவராய் உட்கார வேண்டியிருந்தது. தண்ணீரில் இறங்க விரும்பும் நமக்கும் அதுவே ஒழுங்கு. முதலில் மாணவராய் உட்கார வேண்டும்.

நானும் அப்படியே உட்கார்ந்தேன். 2021-ஆம் ஆண்டு கொள்ளை நோயின் இரண்டாம் அலையில் நம் சேகரத்தில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். உறவினர் நெருங்க முடியாத அடக்கங்கள் அவை. அந்த மாதங்கள் முடிந்தபின் என்னால் இரவில் உறங்க இயலவில்லை. பிரசங்கம் ஆயத்தம் செய்ய அமர்ந்தால் சொற்கள் வரவில்லை. மருத்துவர் ஒருவர், நாள்தோறும் சற்று நேரம் செல்பேசியில்லாத இடத்தில் உடலை உழைக்கவிடுங்கள் என்றார். சென்னைக்குத் தெற்கே கோவளத்தை அடுத்த உப்பங்கழியில் கயாக் பயின்றேன். பின்பு தரங்கம்பாடியில், கட்டுமரத்தில் தொழில் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் நீரைப் பற்றிக் கேட்டுக் கற்றேன்.

கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை என்று அவரிடம் கேட்டேன். "தண்ணி மேல ஏறத்தான் செய்யும், ஐயா. தங்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

பிரியமானவர்களே, இந்தச் சொல்லை நான் பலமுறை தியானித்திருக்கிறேன். பக்கச் சுவர் எழுப்பிய படகு தண்ணீரை வெளியே நிறுத்திவைக்க முயல்கிறது. அலை உள்ளே புகுந்தாலோ அந்தச் சுவரே தண்ணீரைச் சிறைபிடித்துப் படகை அமிழ்த்துகிறது. கட்டுமரத்துக்குச் சுவர் இல்லை. அலை மேலே ஏறுகிறது, மரங்களின் இடைவெளி வழியே இறங்கிப் போகிறது. மேலே அமரும் கயாக்கிலும் இதற்காகவே அடிவரை துளைகள் விட்டிருப்பார்கள். துளையுள்ள படகு எப்படி மிதக்கும் என்று வாலிபர்கள் வியப்பதுண்டு. உள்ளே காற்று அடைத்த கூடு மிதக்கிறது. துளைகளோ மேலே ஏறிய நீருக்கு வழிவிடுகின்றன. ஏசாயா 43-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் ஜனத்துக்குத் தரும் வாக்கும் இத்தகையதே. வெள்ளம் உங்களை அணுகாது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கடந்து போகையில் உங்களோடு இருப்பேன், அது உங்களை அமிழ்த்தாது என்பதே வாக்கு.

ஆகவே தொடங்குவோருக்கு முதல் பாடம் தூண்டில் அன்று. கவிழ்ந்து, மீண்டும் ஏறுதல். லைஃப் ஜாக்கெட்டை இடுப்பு வாரோடு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மார்பளவு அமைதியான நீரில், துணை ஒருவர் அருகில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்த கயாக்கின் குறுக்கே கையை நீட்டி, மறுபக்க விளிம்பைப் பற்றி உங்களை நோக்கி இழுத்தால் அது நிமிரும். பின்பு நடுப்பகுதியில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து எழுப்பி, வயிறு குறுக்கே படும்படி மேலே சரியுங்கள். புரண்டு அமருங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இடுப்பு, கால் என்பதே வரிசை. பத்து முறை கவிழ்ந்து பத்து முறையும் உதவியின்றி ஏறும் வரை தூண்டிலைத் தொடாதீர்கள்.

இதை வாலிபர்கள் விளையாட்டாகச் செய்வார்கள், பெரியவர்களுக்கோ கூச்சமாயிருக்கும். மத்தேயு 14-இல் பேதுரு மீனவனாயிருந்தும் அமிழத் தொடங்கினான். அவன் வாயிலிருந்து வந்தது மிகக் குறுகிய ஜெபம். நீட்டப்பட்ட கரத்தைப் பற்றிக்கொண்டு அவன் படகுக்குத் திரும்பினான். விழாதவர் எவரும் இல்லை. விழுந்தபின் ஏறும் வழியை அமைதியான நாளிலேயே கற்று வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. புயல் நாளில் ஜெபிக்கக் கற்பது கடினம்.

இரண்டாம் பாடம், இடமும் காலமும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தபின் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் நீர் பாய்கிறது. மிகுதி வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. அந்த நீரின் வலிமையை எளிதாக எண்ணாதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒரு பகுதியையே அது அடித்துச் சென்றது. வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் ஆற்றில் இறங்கவே கூடாது.

மதகு, கதவணை, படுகை அணை எதற்கும் அருகே எந்நாளும் போகாதீர்கள். குறுக்கே கட்டிய தளத்தின்மேல் வழிந்து விழும் நீர், அடியில் சென்று மேலெழுந்து மீண்டும் அணையை நோக்கியே சுருள்கிறது. பார்வைக்குச் சாதுவாய் இருக்கும் அந்தச் சுருளில் அகப்பட்டவரை லைஃப் ஜாக்கெட்கூட எளிதில் வெளியே கொண்டுவராது. அணைக்கரையை ஒட்டிய கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. ஆகவே, "கொள்ளிடத்தில் இறங்கலாமா?" என்று கேட்போருக்கு என் பதில்: முதல் ஆண்டில் வேண்டாம்.

பின் எங்கே தொடங்குவது? ஓட்டமில்லாத ஏரி, குளங்களில் தொடங்குங்கள். ஆனால் நம் ஊர்க் குளங்களின் மீன் பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரரிடம் கேளாமல் போடும் தூண்டில் திருட்டுக்கு ஒப்பாகும். கழிமுகத்தைக் காண விரும்பினால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஏறி ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். லூக்கா 5-இல் ஆண்டவர் சீமோனின் படகில் ஏறியபோது, முதலில் கேட்டது கரையைவிட்டுச் சிறிது தூரம் தள்ளும்படி மாத்திரமே. ஆழத்துக்குப் போகும் கட்டளை அதன் பின்னரே வந்தது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மூன்றாம் பாடம், மீன். ஏழடிக்குட்பட்ட ஒரு தூண்டில் கோல், சிறு பெட்டி ஒன்றில் முள், ஈயக்குண்டு, இடுக்கி. கயிற்றால் கயாக்கோடு பிணைத்த துடுப்பு. கழுத்தில் ஒரு விசில். இவை போதும். தாழ்வாய் அமர்ந்திருப்பதால் கோலைத் தலைக்கு மேல் வீசிச் சுழற்ற இயலாது. மணிக்கட்டால் மெல்ல எறியப் பழகவேண்டும். ஜிலேபியும் கெண்டையும் தொடங்குவோர் மேல் இரக்கமுள்ளவை. விராலோ அவ்வாறன்று. அது காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வரும் மீன்; அல்லியும் பாசியும் அடர்ந்த ஓரத்தில் அசையாமல் கிடந்து இரையைப் பாய்ந்து பிடிக்கும்.

மழைக்காலத்தில் சிவந்த குஞ்சுகள் கூட்டமாய் நீர்மேல் கொப்பளிப்பதைக் காண்பீர்கள். அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கும். அங்கே தூண்டில் விழுந்தால், பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்கும் ஆத்திரத்தால் அது பாயும். அதனாலேயே அதைப் பிடிப்பது எளிது. அந்த விராலை எடுத்துவிட்டால் காவலற்ற குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். உபாகமம் 22-ஆம் அதிகாரம், கூட்டிலிருக்கும் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு எடுத்துக்கொள்ளலாகாது என்று கற்பிக்கிறது. நம் குளங்களில் அந்தக் கற்பனைக்கு விரால் என்று பெயர். அத்தகைய இடத்தில் கோலை மடியில் வைத்துக் கடந்து போங்கள்.

நான்காம் பாடத்தை மிகுந்த கவனத்தோடு எழுதுகிறேன். நமக்குப் பொழுதுபோக்காயிருப்பது வேறொருவருக்குப் பிழைப்பு. சீமோன் இராமுழுவதும் உழைத்து வெறுங்கையாய்க் கரை திரும்பி வலையை அலசினான். வெறுங்கையாய்த் திரும்பும் நாள் எனக்கு இளைப்பாறுதல்; அவனுக்கோ அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்ற கவலை. 2004 டிசம்பர் 26-இல் நாகை, தரங்கம்பாடிக் கரைகளில் கடல் எவ்வளவு எடுத்துச் சென்றது என்பதை மறந்து அந்தக் கரையில் விளையாட நமக்கு உரிமையில்லை. எனவே வலை விரித்த இடத்தில் துடுப்பு போடாதீர்கள். கட்டு வலையின் மிதவையைத் தொடாதீர்கள். உங்கள் மீனை விற்காதீர்கள். வேண்டிய ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஈரக் கையால் எடுத்து நீரில் விடுங்கள். மீனவரைக் கண்டால் நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

இனி, தரங்கம்பாடிப் பெரியவர் சொன்ன மற்றொன்று. நீர் தங்காத மரமேயானாலும் நாளடைவில் மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பார்கள். காயாத மரம் மறுநாள் தாழ்ந்து மிதக்கும்.

நம்மில் எத்தனை பேர் காயாத மரங்களாய் மிதந்துகொண்டிருக்கிறோம்! பிணியாளியைப் பல ஆண்டுகளாய்ப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள், கடனுக்கும் குறுவைக்கும் இடையே அகப்பட்ட விவசாயிகள், தேர்வு முடிவுக்கு அஞ்சும் பிள்ளைகள். அலை உங்கள்மேல் ஏறியதை எவரும் குற்றமாய்ச் சொல்ல முடியாது. அது ஊறிவிடாதபடி கட்டை அவிழ்த்து வெயிலில் கிடக்கும் ஒரு வேளை உங்களுக்கு உண்டா? எனக்கு அது விடியற்காலையில் ஒரு குளத்தின் நடுவே, மீன் கடித்தாலும் கடியாவிட்டாலும், சும்மா இருக்கும் இரண்டு மணி நேரம். உங்களுக்கு அது தோட்டமாயிருக்கலாம், தையலாயிருக்கலாம், பேரப்பிள்ளையோடு நடக்கும் நடையாயிருக்கலாம். ஓய்வுநாளைக் கட்டளையாகத் தந்த தேவன் நம் மரத்தின் இயல்பை அறிந்தவர்.

தாய்மாரே, உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். அதன் பின் அனுப்புங்கள். வாலிபரே, தனியே போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள்மேல் ஏறும் வெள்ளங்கள் எங்களில் தங்கிவிடாதபடி காத்தருளும். ஆற்றுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேற்றும். கடலில் பிழைப்போரின் வலைகளையும் வயலில் பிழைப்போரின் வரப்புகளையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.