சான்டா அனிட்டாவில் நிற்கும் குதிரை

குதிரைகளுக்குச் சேணம் பூட்டும் பேடாக் தோட்டத்து வெண்கலக் குதிரை ஓடவில்லை. முதுகில் ஜாக்கி இல்லை. நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு சும்மா நிற்கிறது. பந்தயத் திடல்களில் வைக்கிற குதிரைச் சிலைகள் பெரும்பாலும் பிடரி பறக்கப் பாயும். இதற்கு அந்த அவசரம் எதுவும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே, ஆர்கேடியா என்ற ஊரில் இருக்கிறது இந்தச் சான்டா அனிட்டா ரேஸ் கோர்ஸ். 1934 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். வடக்கே சான் கேப்ரியல் மலை, பின்திரை தொங்கவிட்டதுபோல் நிற்கிறது. முதல் பந்தயத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. ரேஸ் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்தவர்கள் சிலையைக் கவனிக்காமல் பணம் கட்டும் ஜன்னலை நோக்கிப் போகிறார்கள். குடும்பமாக வருபவர்கள் இங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்து முடித்த பிறகுதான் குதிரையை நிதானமாகப் பார்க்கிறார்கள். "இவ்வளவு சின்னதா?" என்று ஒரு பையன் வாய்விட்டே கேட்கிறான். அவனுடைய அப்பா பீடத்தில் எழுதியிருப்பதைக் குனிந்து படிக்கத் தொடங்குகிறார்.

சின்னதுதான். இந்தச் சிலையின் குதிரையான சீபிஸ்கிட் உயிரோடு இருந்தபோதும் பார்த்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். 1933-இல் பிறந்தது. மேன் ஓ வார் என்ற பெரும் புகழ் பெற்ற குதிரையின் பேரன். ஆனால் பாட்டனின் கம்பீரம் பேரனுக்கு வரவில்லை. குட்டைக் கால்கள், முழுதாக நிமிராத முட்டிகள். ஓடும்போது இடது முன்கால் பக்கவாட்டில் வீசும். தின்பதிலும் தூங்குவதிலும்தான் அதற்கு விருப்பம். இரண்டு வயதில் மட்டும் 35 பந்தயங்களில் ஓடவிட்டார்கள். முதல் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள்.

சிற்பி டெக்ஸ் வீலர் நினைத்திருந்தால் இந்தக் கால்களைக் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இந்தச் சிலையில் பிடித்தது. முட்டிக்குக் கீழே பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர்தான் இந்தக் குதிரையைக் கண்டெடுத்தார். டாம் ஸ்மித். புல்வெளிகளில் காட்டுக் குதிரைகளைப் பழக்கி வயதானவர். பேச்சு அவருக்கு வராது. 'மௌன டாம்' என்றே அவரை அழைத்தார்கள். 1936-இல் பாஸ்டன் பந்தயத் திடலில் வேலியோரம் நின்றிருந்தபோது இந்தக் குதிரை அவர் கண்ணில் பட்டது. சோம்பேறி என்று மற்றவர்கள் ஒதுக்கியதில் அவருக்கு வலியும் பயமும் களைப்பும் தெரிந்தன. அவருடைய முதலாளி சார்லஸ் ஹோவர்ட், சான் பிரான்சிஸ்கோவில் மிதிவண்டி பழுது பார்த்துப் பிழைப்பைத் தொடங்கி, பியூக் கார் விற்றுப் பணக்காரர் ஆனவர். 8,000 டாலர் கொடுத்து வாங்கினார்.

வந்த குதிரை ஓயாமல் லாயத்துக்குள் சுற்றியது. தீனி எடுக்கவில்லை. துணைக்கு ஓர் ஆட்டை உள்ளே விட்டார் ஸ்மித். சீபிஸ்கிட் அதைக் கவ்விக் கதவுக்கு வெளியே போட்டது. பிறகு பம்ப்கின் என்ற மஞ்சள் நிறக் குதிரையைக் கொண்டுவந்தார். சாதுவான கிழட்டு மாட்டுப் பண்ணைக் குதிரை. இரண்டு லாயங்களுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டார். அன்றுமுதல் அவை பிரியவில்லை. ஒரு தெருநாயும் ஒரு குட்டிக் குரங்கும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. சாட்டையை அதிகம் எடுக்காமல், தூக்கம் போதும்மட்டும் தூங்கவிட்டு, மெல்ல மெல்ல அந்த உடம்பிலிருந்து வேகத்தை வெளியே எடுத்தார்கள். உலகப் பொருளாதாரமே முடங்கிக் கிடந்த காலம். வேலை போனவர்களும் வீடு போனவர்களும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து இந்தக் குதிரைக்காகக் கைதட்டியதில் எனக்கு வியப்பில்லை.

வார் அட்மிரல் என்ற குதிரையை 1938 நவம்பர் 1-இல் பிம்லிகோவில் நேருக்கு நேர் ஓடி நான்கு குதிரை நீளத்தில் தோற்கடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது மேரிலாந்தில் நடந்தது. இந்தத் தோட்டத்தில் நிற்கும்போது மனம் அங்கே போக மறுக்கிறது. இங்கே பட்ட தோல்விகளிடமே போகிறது. சான்டா அனிட்டா ஹேண்டிகேப் பந்தயத்தில் 1937-இல் மூக்களவில் தோல்வி. 1938-இல் மறுபடியும் மூக்களவு. 1939-இல் பந்தயத்துக்கு முன்பே முன்காலில் தசைநார் அறுந்து ஓட முடியாமல் போயிற்று.

அதன் ஜாக்கி ரெட் பொல்லார்டுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தொழில் போய்விடும் என்று வெளியே சொல்லாமலே சவாரி செய்தார். அவருக்கும் 1938-இல் கால் நொறுங்கியது. குதிரையும் ஆளும் வடக்கு கலிபோர்னியாவில் ஹோவர்டின் ரிட்ஜ்வுட் பண்ணையில் சேர்ந்தே நொண்டி நொண்டி நடந்து தேறினார்கள். 1940 மார்ச் 2, மறுபடியும் அதே சான்டா அனிட்டா ஹேண்டிகேப். சீபிஸ்கிட்டுக்கு ஏழு வயது. முதுகில் பொல்லார்டோடு சேர்த்து 130 பவுண்டு பாரம். ஒன்றேகால் மைல். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருக்க, அந்த இரண்டு ஒட்டுப்போட்ட கால்களும் முதலில் வந்தன. பரிசுப் பணத்தில் அதுவரை எந்தக் குதிரையும் தொடாத எல்லையைத் தாண்டிவிட்டு அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. மொத்தம் 89 பந்தயம், 33 வெற்றி.

அடுத்த ஆண்டு, 1941-இல், சிலை திறந்தார்கள். சீபிஸ்கிட்டையே அழைத்துவந்து அதன் சிலைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அதற்கடுத்த ஆண்டை இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யாரும் கடந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன். 1942 மார்ச் மாதம் பந்தயங்களுக்குப் பதிலாகப் பேருந்துகள் வந்தன. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டிலிருந்து அரசு கிளப்பிக் கொண்டுவந்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 18,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்த வளாகத்தில் அடைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்குக் குதிரை லாயங்களே வீடு. தரையில் தார் போட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் சாண நாற்றம் மேலே வந்தது. கிராண்ட்ஸ்டாண்டில் நின்று ராணுவத்துக்கு மறைப்பு வலைகள் பின்னினார்கள். நடிகர் ஜார்ஜ் டகேய் சின்னப் பிள்ளையாக இங்கே ஒரு லாயத்தில் இருந்தவர். சீபிஸ்கிட்டின் லாயத்தில்தான் நாங்கள் இருந்தோம் என்று பின்னாளில் சொன்னவர்களும் உண்டு. அக்டோபருக்குள் எல்லோரையும் உள்நாட்டு முகாம்களுக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

ஒரு நோஞ்சான் குதிரை நன்றாகத் தூங்க வேண்டுமென்று சுவரை இடித்த தொழில் இது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அதே மாதிரி லாயங்களில் தாயும் பிள்ளைகளும் வைக்கோல் திணித்த மெத்தையில் படுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் கூசுகிறது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். அதை நினைவூட்டும் பலகை ஒன்றும் இந்த வளாகத்தில் இருக்கிறது. வயதான தம்பதியர் அதன் முன் நெடுநேரம் நிற்கிறார்கள். அந்த அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படிக்கிறார். லாயங்கள் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்கிறார் அவர் கணவர். காவலாளி கை நீட்டிக் காட்டுகிறார்.

இந்தத் தோட்டத்தில் ஜார்ஜ் உல்ஃபுக்கும் சிலை உண்டு. பிம்லிகோவில் பொல்லார்டுக்குப் பதிலாக ஏறி ஜெயித்த ஜாக்கி. 1946-இல் இதே திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சீபிஸ்கிட் அதற்கு மறு ஆண்டு ரிட்ஜ்வுட்டில் இறந்தது. ஹோவர்ட் அதைப் புதைத்து, கல் வைக்காமல் ஓர் ஓக் கன்றை நட்டார். எந்த இடம் என்பதைத் தன் குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டார். பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே வருகிறார்கள்.

முதல் பந்தயத்துக் குதிரைகளைச் சேணம் பூட்ட அழைத்து வருகிறார்கள். கூட்டம் கம்பி வேலியோரம் நெருங்குகிறது. ஆறாவதாக வருவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. தலையை உதறிக்கொண்டு, பிடித்து வருகிறவருக்கு இடங்கொடாமல் வருகிறது. அதன் லாயத்தில் துணைக்கு ஒரு கிழட்டுக் குதிரையாவது ஆடாவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது.