கசப்பைக் கூட்டாமல் மணம் கூட்டுதல்: யாக்கிமா ஹாப்ஸும் வீட்டுப் பீரும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கு, அந்நாட்டின் ஹாப்ஸ் விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருகிறது. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் ஒருங்கே அளிக்கும் ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தச் சிறு கூம்பை விரலால் பிளந்தால், செதில்களின் அடியில் லூபுலின் எனப்படும் மஞ்சள் நிறத் துகள் பிசுபிசுப்பாகக் கையில் ஒட்டிக்கொள்கிறது. கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலங்களும் மணம் தரும் எண்ணெய்களும் இந்த ஒரே துகளுக்குள் இருப்பதால், ஒன்றை ஏற்றாமல் மற்றதை மட்டும் எடுப்பது எப்படி என்பது வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கு நெடுநாளைய சிக்கலாக இருந்துவருகிறது.

மாக்ஸி, டாப்பனிஷ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில், சுமார் 18 அடி உயரக் கம்பங்களுக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கயிறுகள் தரைவரை தொங்குகின்றன. இவை தேங்காய் நாரால் திரித்த கயிறுகள். பெரும்பாலும் இலங்கையிலிருந்து இறக்குமதியாகின்றன என்பது தமிழ் வாசகர்கள் கவனிக்கத்தக்க செய்தி. மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்டோர் பெரும்பான்மையாக உள்ள தொழிலாளர்கள், மே மாதத்தில் வரிசை வரிசையாகக் குனிந்து, ஒவ்வொரு வேரிலும் சில தளிர்களை மட்டும் தேர்ந்து, கொடி இயல்பாகச் சுற்றும் வலஞ்சுழித் திசையிலேயே அவற்றைக் கயிற்றில் சுற்றிவிடுகிறார்கள். இந்தப் பணிக்கு இன்றும் மனிதக் கையையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் அறுவடையில் கூம்புகள் இயந்திரத்தில் பிரிக்கப்பட்டு உலர்களத்துக்கு வருகின்றன. அங்கே பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பக்காற்றை அடியிலிருந்து செலுத்தி, எடையில் முக்கால் பங்கும் நீராக இருக்கும் கூம்பின் ஈரப்பதத்தை 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் குறைக்கிறார்கள். உலர்களப் பணியாளர் ஒரு கூம்பை எடுத்து அதன் நடுத்தண்டை வளைத்துப் பார்க்கிறார். வளைந்து கொடுத்தால் ஈரம் மிச்சம், சட்டென்று ஒடிந்தால் பதம். கருவிகள் வந்துவிட்ட பிறகும் கைவிடப்படாத இந்தச் சோதனையில்தான் மணத்தின் தலையெழுத்து இருக்கிறது எனலாம். ஏனெனில் வெப்பம் மிஞ்சினால் எண்ணெய் இங்கேயே ஆவியாகிவிடும், பிறகு எந்தக் காய்ச்சும் நுட்பத்தாலும் அதை மீட்க இயலாது.

இப்படி உலர்ந்த ஹாப்ஸ் சென்றடையும் இடங்களுள் வீட்டு அடுப்பும் ஒன்று. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டரசு அளவில் அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். அதற்கு முன்னரே, 1972இல், ஆரிகன் மாநிலத்தில் உருவான காஸ்கேட் என்ற ரகம் வெளியிடப்பட்டிருந்தது. அதன் பம்பளிமாஸ் சாயல் கொண்ட மணம் அமெரிக்க பேல் ஏல் என்ற பீர் வகையின் அடையாளமாகவே ஆனது.

முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்பு நீரான வோர்ட் கொதிக்கும்போது, ஆல்ஃபா அமிலம் வடிவம் மாறி, நீரில் கரையும் ஐசோ ஆல்ஃபா அமிலமாகிறது. கசப்பு என்று நாக்கு உணர்வது பெரும்பாலும் இதையே. 6 விழுக்காடு ஆல்ஃபா அமிலமுள்ள காஸ்கேட் 28 கிராமை 19 லிட்டர் வோர்ட்டில் 60 நிமிடம் கொதிக்கவிட்டால், வழக்கமான கணக்குப்படி லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில் கசப்பு ஏறும். அதையே கடைசி 10 நிமிடத்தில் சேர்த்தால் 7 மில்லிகிராம்தான். மறுபுறம், மிர்சீன் போன்ற எண்ணெய்கள் நீண்ட கொதியில் ஆவியோடு போய்விடுகின்றன. ரசத்துக்குக் கொத்தமல்லியை இறக்கும் நேரத்தில் தூவுவதற்கு என்ன காரணமோ, அதுவே இங்கும் காரணம். எனவே மணம் போதவில்லை என்று முதல் கொதியிலேயே ஹாப்ஸை அள்ளிப் போடும் புதியவர்களின் பழக்கம், கசப்பை மட்டுமே பெருக்கும் தவறான வழி.

அடுப்பை அணைத்தவுடன் ஹாப்ஸைப் போட்டால் போதும் என்ற எண்ணமும் முழுச் சரியன்று. பெரிய பாத்திரத்தில் வோர்ட் நெடுநேரம் 90 டிகிரிக்கு மேலேயே நிற்பதால் வடிவ மாற்றம் தொடர்கிறது. ஆனால் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி இறங்கும்போதும் அதன் வேகம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆகவே தேர்ந்த கைகள், தண்ணீர் ஓடும் செப்புச் சுருள்குழாயை வோர்ட்டில் இறக்கி 75 முதல் 80 டிகிரிக்குக் குளிர்வித்த பின்பே ஹாப்ஸைச் சேர்த்து, மூடிவைத்து, 20 அல்லது 30 நிமிடம் ஊறவிடுகின்றன.

நொதித்தல் அடங்கிய பீரில் உலர்ந்த ஹாப்ஸை ஊறவைக்கும் ட்ரை ஹாப்பிங் முறையில் வடிவ மாற்றத்துக்கு வேண்டிய வெப்பமே கிடையாது. ஹாப்ஸில் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றத்தால் உண்டான ஹ்யூமுலினோன் என்ற சேர்மம் கரைவதால் சிறிதளவு கசப்பு வருமே தவிர, மிகுதி மணமே. இரண்டு மூன்று நாள் ஊறினால் போதும். அளவுக்கும் எல்லை உண்டு: ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் லஃபோன்டெயினும் தாமஸ் ஷெல்ஹாமரும் காஸ்கேடை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் பழ மணம் அதற்கேற்ப ஏறாமல் தழை மணமும் தேயிலை மணமும் மேலோங்குவதைக் காட்டியது. 19 லிட்டருக்கு 150 கிராம் என்பதே அந்த எல்லை. அதைத் தாண்டிச் செலவிடுவது பணத்துக்கும், அந்த உலர்களத்து உழைப்புக்கும் நியாயம் செய்வதாகாது.

இவ்வாறு பெற்ற மணத்துக்கு முதல் பகை காற்று. பீரைக் குப்பிக்கு மாற்றும்போது சளசளவென்று ஊற்றாமல், குழாயை அடிவரை இறக்கி நிரப்ப வேண்டும். பிரித்த ஹாப்ஸ் பொட்டலத்தைக் காற்று நீக்கி உறைநிலையில் வைக்க வேண்டும். மணத்துக்காகவே காய்ச்சிய பீரைச் சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும்.