டூட்டிக்கு நேரமாச்சு

பூசலார் கதையை எனக்குச் சொன்னது ஆயா. எங்கள் நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். அங்கே இருதயாலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் சொல்லும். கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவன் ராஜாவின் கனவில் வந்து, உன் நாளைத் தள்ளிவை என்றாராம். கால் விழுந்து படுக்கையில் கிடந்தபோதும் ஆயாவுக்கு நினைவு தப்பவே இல்லை. அண்டா யாருக்கு, தோடு யாருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

அப்பாவுக்கு நேர்மாறு. உடம்பு கெட்டியாக இருந்தது, நினைவுதான் போனது. விடிகாலை நாலரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார். "டூட்டிக்கு நேரமாச்சு." ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தடுத்தால் கோபம் வரும், அதனால் ஸ்டேஷன் வரை கூடவே நடப்பேன். என் பெயரை மறந்தவர் பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி என்று ஸ்டேஷன்களை வரிசை தப்பாமல் சொல்வார்.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் லேத் வேலை. 1965-இல் முதல் விஜயந்தா டேங்க் உருவாகி வந்த இடம். அப்பா சேர்ந்தபோதும் விஜயந்தாதான், பிறகு அஜேயா. 2021 அக்டோபரில் ஃபேக்டரி ஏவிஎன்எல் கம்பெனியின் கீழ் போனது. அப்பாவுக்குள் அது பழைய ஃபேக்டரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். இரும்பிலேயே தேய்ந்த விரல்கள். கருவிக்கு ரேகை கிடைக்காது. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைப்போம். நினைவு நன்றாக இருந்த நாளில், "உயிரோடதான்டா இருக்கேன்" என்று கருவியைப் பார்த்துச் சிரிப்பார்.

கடைசி மாதங்களில் கட்டிலில் கிடந்தபோதும் அந்தக் கைகள் ஓயவில்லை. இடது கை காற்றில் ஒரு சக்கரத்தை மெல்லச் சுற்றும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மைக்ரோமீட்டரைத் திருகும். கண்ணருகே கொண்டுபோய் அளவு பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் முதலிலிருந்து தொடங்குவார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் அவர் காதுபடவே, "பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. பூசலாரைத் திண்ணையில் பார்த்தவர்களுக்கும் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளே கலசம் ஏறிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

சாவு வீட்டிலும் அதே ஆட்கள்தான். "நல்லவேளை, அவருக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஆயா போனபோது யாரும் இப்படிச் சொல்லவில்லை, கூடவே அழுதார்கள். அம்மா கையை உருவிக்கொண்டது.

"யாரு கேட்டா விடுதலை? ராத்திரி முச்சூடும் கதவத் தட்டட்டும். நான் எழுந்து திறக்க மாட்டேன்னு சொன்னனா?"