எலிக்கு வைத்தியமா, புது எலியா?

ஒரு மாதமாக எங்கள் வீட்டு எலிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. மசால்வடை வைத்துப் பிடிக்கிற எலி இல்லை, கம்ப்யூட்டர் எலி. மவுஸ் என்று சொன்னால்தான் புரியும் என்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளவும்.

நோயின் அறிகுறி இதுதான். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கிளிக் வைத்தால் திறந்தே விடும். ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், நடு ரோட்டில் ஆளை இறக்கிவிடும் மினி பஸ் மாதிரி, பாதியிலேயே எங்காவது போட்டுவிடும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை இப்படித் தொலைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறேன். அப்போதும் நம் கைதான் சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

இதில் விளையாட்டாக எழுத முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மாசி மாதக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆரம்பிக்கும். மாசி கடைசி ஞாயிறிலிருந்து 28 நாள் ஆத்தாளே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். ஊருக்குள் கூடை கூடையாகப் பூ வந்து இறங்கும். கோயில் பக்கம் ஒரு பூக்கடைக்கு அம்மா பூ கட்டித் தருவார். வருடத்திலேயே அதிகமாகக் காசு பார்ப்பது அந்த நாட்களில்தான். அந்த நேரம் பார்த்து எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளும் வந்தது. 650 ரூபாய். கம்ப்யூட்டரில் நான் பட்டனை அழுத்தினேன். பணத்துக்கு அனுமதி கேட்டு அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது, அதுவும் இரண்டு முறை. முதலாவது போகவில்லை போல என்று நினைத்த அம்மா இரண்டுக்கும் ரகசிய எண்ணைப் போட்டுவிட்டார். 1300 ரூபாய் போய்விட்டது. கேஸ் சிலிண்டருக்காக வைத்திருந்த பணம்.

"ஏம்மா, ரெண்டு தடவ எதுக்கும்மா அமுக்குன? படிச்சுப் பாக்க மாட்டியா?" என்று கத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பூ கட்டப் போய்விட்டார்.

மறுநாள் ராத்திரி கால்குலேட்டரைத் திறந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எலியால் 1-ஐ ஒரு தடவை அழுத்தினேன். திரையில் 11. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். 11. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு தடவை அமுக்கியது அம்மா இல்லை. ஒரே பட்டனுக்கு இரண்டு கோரிக்கை அனுப்பியது என் எலி.

சரி, இப்போது என்ன செய்வது? புது எலி 350 ரூபாய். கூடுதலாகப் போன 650 திரும்பி வரும் என்றார்கள். என்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை. கையில் காசு இல்லை. அப்பா, "அது என்ன தங்கமா? அடுத்த மாசம் புதுசு வாங்கிக்க" என்றார். அப்பாயி மட்டும், "அம்மி தேஞ்சா கொத்திக்கிறோம், பாத்திரம் கறுத்தா ஈயம் பூசிக்கிறோம். அந்த எலிக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டது. அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது.

முதல் வேலை, பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது. எலியை வேறு யூஎஸ்பி துளையில் மாட்டிப் பார்த்தேன், அதே கதை. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன், அங்கேயும் அதே கதை. அப்படியானால் என் கம்ப்யூட்டரில் குற்றமில்லை. அடுத்து, கண்ட்ரோல் பேனலில் இடது பட்டனையும் வலது பட்டனையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாற்றிப் போட்டு, வலது பட்டனால் கால்குலேட்டரில் 1-ஐ அழுத்தினேன். ஒரே ஒரு 1. ஆக, இவ்வளவு பெரிய எலியில் கெட்டுப்போனது இடது பட்டன் மட்டும்தான். கண் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது, வால் நன்றாக இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. கோயில் வாசல் கடைகளில் தகட்டில் செய்த கண், கை, கால் எல்லாம் விற்பார்கள். கண்ணில் நோய் என்றால் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள், கால் வலி என்றால் கால். எந்த உறுப்புக்கு நோயோ அந்த உறுப்பு மட்டும். நாமோ பட்டன் கெட்டால் முழு எலியையும் தூக்கிப் போடுகிறோம் :)

எலியைத் திருப்பிப் பார்த்தால் திருகே தெரியவில்லை. அடியில் ஒட்டியிருந்த லேபிளுக்குக் கீழே ஒளிந்திருந்தது. (சில எலிகளில் வழுவழுப்பான கால்களுக்கு அடியில் இருக்கும்.) திறந்தால் உள்ளே தூசி, தலைமுடி, போன ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த குங்குமம். இடது பட்டனுக்கு நேர் கீழே மூன்று கால் உள்ள ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி. அதன் தலையில் கடுகு அளவில் ஒரு வெள்ளைக் குமிழ். இதுதான் மைக்ரோ சுவிட்ச். அதற்குள் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செம்புக் கலவைத் தகடு வளைந்து நிற்கிறது. நாம் அழுத்தும்போது அது 'டிக்' என்று மறுபக்கம் தாவி மின்சாரத்தைச் சேர்க்கிறது. விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது.

தாவுகிற எந்தத் தகடும் ஒரே அடியில் நிற்காது. தரையில் விழுந்த பந்து போலச் சில மில்லி செகண்டுகள் துள்ளும். புது எலியிலும் இந்தத் துள்ளல் உண்டு. உள்ளே இருக்கும் சிப், அந்த நேரத்துக்குள் வருவதையெல்லாம் ஒரே கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். தகடு தேய்ந்து, முனையில் கறை படிந்து, தொடுவது சரியாக ஒட்டாமல் போனால், சிப் பொறுத்துக்கொள்ளும் நேரத்தைத் தாண்டியும் விட்டு விட்டுத் தொடும். சிப் அதை இரண்டாவது கிளிக் என்று நினைத்துவிடுகிறது. நோய் இவ்வளவுதான்.

எத்தனை கிளிக் தாங்கும்? நல்ல சுவிட்சுகளுக்கு 1 கோடி, 2 கோடி என்று தயாரிப்பாளர்களே கணக்கு சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 3,000 கிளிக் என்று வைத்தால் 1 கோடிக்கு 3,333 நாள், ஒன்பது வருடம். 30 லட்சம் தாங்கும் மலிவான சுவிட்ச் என்றால் 1,000 நாள், மூன்று வருடத்துக்கும் குறைவு. அதுகூட ஆய்வுக்கூடக் கணக்கு. ஈரக் காற்று, தூசி, விளையாட்டில் படபடவென்று அடிக்கும் அடி எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரி எல்லாம் தாண்டி சத்திரத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் பக்கம் நடந்தேன். முதல் கடையில் சிரித்துவிட்டார்.

"தம்பி, மவுஸ் ரிப்பேரா? புதுசே முன்னூறு முன்னூத்தம்பது. கழட்டி மாட்டுறதுக்கு நான் நூத்தம்பதாவது கேக்கணும். அதுக்கப்புறம் ஒரு மாசத்துல போச்சுன்னா நீங்க என் சட்டையப் பிடிப்பீங்க."

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாடகை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் கொடுத்து, அரை மணி நேரத்தை என் எலிக்குச் செலவழித்தால் அவருக்கு அது கட்டாது.

இரண்டாவது கடை, செல்போன் பழுது பார்க்கும் ஒரு அண்ணன் கடை. அவர் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்து, வயர் அறுந்த ஒரு பழைய எலியை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல இருக்குற ரைட் பட்டன் சுவிட்ச்சக் கழட்டி உங்களோட லெஃப்ட்ல வைங்க தம்பி. அத யாரு அமுக்குறா? புதுசாட்டம் இருக்கும். இருவது ரூவா குடுங்க."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! எல்லா எலியும் இடது பக்கம் செத்துத்தான் குப்பைக்குப் போகிறது. வலது பக்கம் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துப் புதைக்கிறோம்.

இசிஈ படிக்கும் நண்பனிடம் சால்டரிங் அயர்ன் கடன் வாங்கினேன். ஈயமும் ஃப்ளக்ஸும் 60 ரூபாய். முதல் நாள் அவசரத்தில் அதிகம் சூடுபடுத்தி, போர்டில் இருந்த செம்புக் கோட்டையே பிய்த்துவிட்டேன். செத்தான்டா எலி என்று நினைத்தேன். மறுநாள் மெல்லிய கம்பி ஒன்றால் அந்த இடத்தைச் சேர்த்து, சுவிட்சை வைத்துப் பற்றவைத்தேன். மாட்டினேன். கால்குலேட்டர். 1-ஐ அழுத்தினேன். 1. இருபது தடவை அழுத்தினேன், இருபது 1 வரிசையாக வந்தது. இந்த செமஸ்டரில் நான் வாங்கிய நல்ல மார்க் இதுதான் :)

இப்போது கணக்கு. செலவு 80 ரூபாயும் பஸ் காசும், இரண்டு சாயங்காலமும். லாபமா நஷ்டமா? என் நேரத்துக்கு ஒருவரும் கூலி தராததால் எனக்கு லாபம். அதே வேலை முதல் கடைக்காரருக்கு நஷ்டம். ஆகவே 'சரி செய்வதா, மாற்றுவதா' என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. என்ன கெட்டது, யாருடைய நேரம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் உங்கள் விடை வந்துவிடும். அதற்குப் பிறகு வகுப்பு நண்பர்களின் நான்கு எலிகளைத் திறந்து பார்த்ததில் தெரிந்துகொண்டது:

1. வாரண்டி இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். பில்லோடு போய் மாற்றிக் கேளுங்கள். ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை கொடுக்கும் எலிகள் உண்டு.

2. வயரை அசைத்தால் விட்டு விட்டு வேலை செய்கிறதா? பெரும்பாலும் எலியின் கழுத்துக்கிட்டேதான் உள்ளே அறுந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு நான்கையும் நிறம் பார்த்து இணைத்தால் போதும். சரி செய்யலாம்.

3. சக்கரம் மேலே உருட்டினால் கீழே போகிறதா? முதலில் சுத்தம் செய்து பாருங்கள். தூசியாக இருந்தால் செலவே இல்லை.

4. இரட்டைக் கிளிக்கா? பற்றவைக்கத் தெரிந்தாலோ, தெரிந்த நண்பன் இருந்தாலோ சரி செய்யலாம். இல்லாவிட்டால் மலிவான எலிக்கு மாற்றுவதே மேல். விலை அதிகமான எலி என்றால் கூலி கொடுத்தாவது சரி செய்யுங்கள்.

5. சிப்போ கண்ணோ போய்விட்டதா? பேட்டரி கசிந்து போர்டு முழுக்க அரித்துவிட்டதா? வருத்தப்படாமல் புதுசு வாங்குங்கள். நான் பார்த்த நான்கில் ஒன்று இப்படித்தான். அதன் வலது சுவிட்ச் இப்போது என் டப்பாவில் இருக்கிறது.

மாற்றினாலும் பழையதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான். நம் நாட்டு மின்கழிவு விதிகளில் (2022-ல் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை) கம்ப்யூட்டரோடு சேர்ந்த உள்ளீட்டுக் கருவிகளும் அடக்கம். பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதே 2022-ல், டிசம்பர் 24 அன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு தனி இணையதளமும் தொடங்கியது.

பெரிய நிறுவனங்களும் இதை யோசிக்காமல் இல்லை. 2024-ல் லாஜிடெக் தலைவர் ஹன்னெகே ஃபேபர், நல்ல கைக்கடிகாரம் போல என்றைக்கும் தூக்கிப் போடத் தேவையில்லாத எலி என்று ஒரு யோசனையைப் பேட்டியில் சொன்னார். அதற்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கலாம் என்றதும் ஊரெல்லாம் கிண்டல். அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று நிறுவனம் பிறகு சொல்லிவிட்டது. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். லேபிளுக்கு அடியில் ஒளிக்காமல் வெளியே தெரிகிற ஒரு திருகு, பற்றவைக்காமல் கழற்றி மாட்டுகிற ஒரு சுவிட்ச், இவை இரண்டும் போதும்.

எலியில் 270 ரூபாய் மிச்சம் பிடித்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எலிக்கு மூன்று சோதனை வைத்து, குற்றம் எங்கே என்று பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு சோதனையும் வைக்கவில்லை, நேராகத் தீர்ப்பு சொல்லிவிட்டேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது நாள் 650 ரூபாய் திரும்பி வந்தது. அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "தப்பு என் எலி மேலதாம்மா. உன்னைத் திட்டினது என் தப்பு" என்றேன். அம்மா பூ நார் ஒட்டிய விரலால் எலியைப் பிடித்து, கால்குலேட்டரில் 1-ஐ அழுத்திப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணு அமுக்குனா ஒண்ணுதான வரும்?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் எலி எப்படி இருக்கிறது? கால்குலேட்டரைத் திறந்து ஒரு தடவை 1-ஐ அழுத்திப் பாருங்கள்.